பழைய குழாய்களை மாற்றுதல்: சுவரை உடைக்கும் முன்பிருந்து தண்ணீர் திறந்துவிடும் வரை

கசிகிற இடத்தில் ஒரு துண்டுக் குழாயை மாற்றிவிட்டு அடுத்த கசிவுக்காகக் காத்திருப்பதுதான் பெரும்பாலானோர் வழக்கம். முதல் முறை அது நியாயமே. அதே வரிசையில் இரண்டாவது, மூன்றாவது இடமும் கசியத் தொடங்கினால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிடுங்கள். ஒரே காலத்தில் பதிக்கப்பட்டு ஒரே தண்ணீர் ஓடிய குழாய் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் அரிக்கும். இன்று கசிந்த இடம் மற்ற இடங்களைவிடச் சற்று முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முதன்மையாகத் தண்ணீர் வரும் குழாய்களைப் பற்றியது. கழிவுநீர்க் குழாய்க்கும் வணிகக் கட்டடங்களுக்கும் பிற்பகுதியில் தனியாக இடம் உண்டு.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

தண்ணீர் குறைவாக வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சுவரை உடைக்க வேண்டாம். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அதன் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். எல்லா இடத்திலும் குறைந்தால் முதலில் மெயின் வால்வைச் சந்தேகியுங்கள். பழைய கேட் வால்வுக்குள் தகடு தண்டிலிருந்து கழன்று பாதியில் நின்றிருக்கலாம். வெளியே கைப்பிடி நன்றாகச் சுழலும். உள்ளே வழி அடைபட்டிருக்கும்.

வால்வும் சரி என்றால் ஒரு அழுத்தமானி வாங்கி ஏதாவது ஒரு குழாயில் பொருத்துங்கள். எல்லாவற்றையும் மூடிய நிலையில் அது காட்டும் அளவை நம்பி ஏமாற வேண்டாம். முக்கால்வாசி அடைத்துப்போன குழாயிலும், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அழுத்தம் முழுமையாகவே காட்டும். இப்போது அருகிலுள்ள வேறொரு குழாயைத் திறங்கள். முள் சற்றே இறங்கினால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. மளமளவென்று விழுந்தால் குழாயின் உட்புறம் சுருங்கிவிட்டது என்று பொருள். உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

தண்ணீரின் நிறமும் தகவல் சொல்லும். காலையில் முதலில் திறக்கும்போது மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால் துரு உங்கள் குழாய்க்குள் இருக்கிறது. நாள் முழுவதும் பழுப்பாக இருந்தால் தொட்டியிலோ வெளியிலிருந்து வரும் நீரிலோ கோளாறு. சுடுநீரில் மட்டும் நிறம் இருந்தால் ஹீட்டரையும் அதிலிருந்து வரும் குழாயையும் பாருங்கள்.

மறைவான கசிவைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் மீட்டர் போதும். எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் இல்லாத இடத்தில் தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் வழியை அடைத்துவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் அதே வேலை நடக்கும்.

உள்ளே இருப்பது என்ன குழாய்?

ஒரு காந்தமும் ஒரு நாணயமும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. வீடுகளில் அனேகமாகத் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய். இது வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே துருவேறிச் சுருங்கும். நாற்பது, ஐம்பது ஆண்டு தாங்கும் என்பது பொதுக்கணக்கு. அரிக்கும் தன்மையுள்ள தண்ணீரில் அதற்கு வெகு முன்பே போய்விடும். சுரண்டினால் செந்நிறம் தெரிந்தால் செம்பு. ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள் பூத்திருந்தால் ஊசித்துளைகள் விழத் தொடங்கிவிட்டன.

காந்தம் ஒட்டாமல், நாணயத்தால் சுரண்டினால் மெத்தென்று விட்டுக்கொடுத்து வெள்ளிபோல் மின்னினால் அது ஈயம். அங்கே மற்ற கணக்குகளையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை; கொதிக்கவைத்தாலும் அது போகாது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காமல் விட்டார்கள். அத்தனை காலம் குழாய்க்குள் படிந்து கவசமாக இருந்த படலம் கரைந்து, ஈயம் குடிநீரில் இறங்கியது. ஈயக் குழாயில் பாதியை வெட்டி மாற்றிவிட்டு மீதியை விட்டுவைப்பதும் ஆபத்து. வெட்டும் அதிர்வில் படலம் உதிர்ந்து, சில காலம் தண்ணீரில் ஈயத்தின் அளவு முன்னைவிடக் கூடலாம். மாற்றினால் முழுவதும் மாற்றுங்கள். ஈயக் குழாயைத் தொடர்ந்து ஜிஐ குழாய் போயிருந்தால் அதன் துருவிலும் ஈயம் ஊறியிருக்கும். அதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

வரைபடம் முதலில், சுத்தியல் பிறகு

வேலையின் தலைவிதி இந்தக் கட்டத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. கட்டடத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாள் எடுத்து, தண்ணீர் நுழையும் இடம், தொட்டி, பம்ப், ஹீட்டர், ஒவ்வொரு குழாய், ஷவர், ஃபிளஷ் டேங்க், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் குறியுங்கள். எது எந்த வால்வுக்கு அடங்குகிறது என்பதை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து எழுதுங்கள். எந்த வால்வுக்கும் அடங்காத குழாய் ஒன்று நிச்சயம் அகப்படும். அதை இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்தது பாதை. புதிய குழாய் பழைய குழாய் போன வழியிலேயே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழையதைச் சுவருக்குள்ளேயே தண்ணீரிலிருந்து துண்டித்து விட்டுவிட்டு, புதியதை வெளிச்சுவர், தொங்குகூரையின் மேற்புறம், அலமாரியின் பின்புறம், குழாய்களுக்கென்று விடப்பட்ட இடைவெளி என்று கை எட்டும் வழிகளில் கொண்டுபோவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். கண்ணுக்குத் தெரியும் குழாய் அழகைக் கெடுக்கிறது என்பார்கள். கசிவு தெரியும் நாளில் ஓடு பெயர்க்காமல் பழுது பார்க்க முடியும் என்பது அந்த அழகைவிடப் பெரிய விஷயம். ஈயக் குழாயையும், தரைக்கடியில் ஈரம் தேக்கும் குழாயையும் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

சுவரில் பதித்தே ஆக வேண்டும் என்றால் தூண், உத்தரம் ஆகியவற்றில் கைவைக்கவே கூடாது. சுமை தாங்கும் சுவரில் குழாய் பதிக்கச் செதுக்கும் செங்குத்தான காடியின் (பள்ளத்தின்) ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டாமல் இருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கிடைமட்டக் காடியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கட்டடங்களில் உலோகத் தண்ணீர்க் குழாயையே மின்சாரத்துக்கு எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அதை வெட்டிப் பிளாஸ்டிக் போட்ட கணமே வீட்டின் எர்த் போய்விடும். தண்ணீர் தடையில்லாமல் வரும். ஹீட்டரைத் தொட்டவருக்குத்தான் தெரியும். குழாயில் பச்சை அல்லது வெறும் செம்புக் கம்பி கிளிப் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து தனி எர்த் அமைத்துச் சோதித்த பிறகுதான் குழாயில் ரம்பம் படலாம்.

எந்தக் குழாய், எந்த அளவு

சாதாரண யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் குளிர்ந்த நீருக்கு மட்டும். சுடுநீருக்கு சிபிவிசி, பிபிஆர், பெக்ஸ் என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் வகைகள், செம்பு ஆகிய நான்கில் ஒன்று. மண்ணுக்கடியில் நீளமாகப் போகும் வரிசைக்கு ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாய் பொருத்தமானது. மூட்டுகள் மிகக் குறைவு, மண் சற்று அசைந்தாலும் வளைந்துகொடுக்கும்.

சிபிவிசி பசையால் ஒட்டுவது. கருவி எதுவும் பெரிதாக வேண்டாம். ஆனால் எண்ணெய், கரையான் மருந்து, மென்மையான பிவிசி உறை கொண்ட மின்கம்பி ஆகியவை அதன்மேல் தொடர்ந்து பட்டால் விரிசல் விடும். பிபிஆரில் குழாயும் இணைப்பும் உருகி ஒன்றாகிவிடுவதால் மூட்டு மிக உறுதி. பிரிக்க முடியாது, தவறினால் வெட்டியெறிய வேண்டும். பெக்ஸ் சுருளாக வரும், வளைத்துக்கொண்டே போகலாம். வெயில் ஆகாது, எலி கடிக்கும். செம்பு நீண்டநாள் உழைக்கும். அமிலத்தன்மையுள்ள தண்ணீருக்கு ஒத்துவராது. பெரும்பாலான வீடுகளுக்கு பெக்ஸோ பிபிஆரோ போதும் என்பது என் கருத்து. எதில் கைதேர்ந்தவர் உங்களுக்குக் கிடைக்கிறாரோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அளவில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜிஐ குழாயின் பெயரளவு உள்விட்டத்தை ஒட்டியது. அரை அங்குலக் குழாயின் உள்வழி சுமார் 16 மி.மீ. பிபிஆரிலோ வெளிவிட்டத்தைத்தான் சொல்வார்கள். 20 மி.மீ. குழாயில் 3.4 மி.மீ. தடிமன் இரு பக்கமும் போனால் மிஞ்சும் வழி 13.2 மி.மீ. அரை அங்குலத்துக்கு ஈடென்று அதைப் போட்டால் தண்ணீர் செல்லும் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். 25 மி.மீ. குழாயில் உள்வழி 16.6 மி.மீ.; அதுதான் உண்மையான ஈடு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு இது இன்னும் முக்கியம். 10 மீட்டர் உயரம் கொடுப்பது சுமார் ஒரு பார் அழுத்தம் மட்டுமே என்பதால், அதை ஒடுங்கிய குழாயில் வீணடிக்க முடியாது.

வேலை நாள்

குடிக்க, சமைக்க, கழிப்பறைக்கு எனத் தண்ணீர் பிடித்துவையுங்கள். ஹீட்டரின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ முதலில் நிறுத்துங்கள். காலியான ஹீட்டர் ஓடினால் எரிந்துபோகும். மெயினை மூடி, மிகத் தாழ்ந்த குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, மிக உயர்ந்த குழாயையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே முழுவதும் வடியும். சுவரில் துளையிடும் இடங்களில் மின்கம்பி ஓடுகிறதா என்று கருவியால் பார்த்துவிடுங்கள்.

முடிந்தவரை புதிய வரிசை முழுவதையும் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பதித்து, சோதித்து, கடைசி நாளில் மட்டும் இணைப்பை மாற்றுங்கள். பாதையை மாற்றச் சொன்னதன் இன்னொரு பயன் இது. தண்ணீரில்லாத நேரம் சில மணிகளுக்குச் சுருங்கிவிடும்.

மூட்டு போடும் முறை

சிபிவிசியில் குழாயை நேராக வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறு நீக்கி, வெளி விளிம்பைச் சற்றே சரிவாகத் தேயுங்கள். பசை இல்லாமல் செருகிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் இறுக வேண்டும். அடிவரை தளர்வாகப் போனால் அந்த இணைப்பு வேண்டாம். குழாயின் வெளிப்புறத்தில் தாராளமாகவும் இணைப்பின் உட்புறத்தில் மெல்லியதாகவும் பசை பூசி, செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் தானே பின்வாங்கும். சிபிவிசிக்குரிய பசையையே பயன்படுத்துங்கள். பிவிசி பசையும் ஒட்டியதுபோல் நடிக்கும்.

பிபிஆர் சூட்டுக்கருவி 260 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். 20 மி.மீ. குழாய்க்கு 5 விநாடி, 25க்கு 7, 32க்கு 8 என்பது வழக்கமான சூடேற்றும் நேரம். செருகும் ஆழத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நேராகத் தள்ளுங்கள்; சிபிவிசி பழக்கத்தில் திருப்பிவிடாதீர்கள். கூடுதலாகச் சூடேற்றினால் உருகிய வளையம் உட்புறம் பிதுங்கி வழியை அடைக்கும். வெளியே மூட்டு அழகாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. புதுக் குழாய் போட்டும் ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் மந்தமாக வருவதற்கு இது அடிக்கடி காரணம்.

பழைய உலோகமும் புதிய பிளாஸ்டிக்கும் சேரும் இடம் மிகவும் பலவீனமானது. பித்தளை மரை பதித்த இணைப்பை மட்டும் பயன்படுத்துங்கள். வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் இரும்பை முறுக்கினால் அன்றைக்கு இறுகும். சில மாதங்களில் பிளக்கும். டெஃப்ளான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். செம்பையும் ஜிஐயையும் நேரடியாக இணைத்தால் இரும்பு வேகமாக அரிக்கும். இடையில் பித்தளையோ மின்கடத்தா யூனியனோ (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வையுங்கள். ஹீட்டரின் வாயிலிலிருந்து சுமார் 45 செ.மீ. வரை உலோகக் குழாய் வைத்து, அதன் பிறகே பிளாஸ்டிக்கைத் தொடங்குங்கள்.

சுடுநீர்க் குழாய் நீளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 10 மீட்டர் பிபிஆர் 40 டிகிரி சூடேறினால் சுமார் 60 மி.மீ. நீள்கிறது; அதே அளவு செம்பு 7 மி.மீ. மட்டுமே. நீண்ட நேர்க்கோட்டில் ஒரு வளைவு விட்டு, கிளாம்ப்பை நெரிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சற்றுப் பெரிய உறைக்குழாய் வையுங்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனி பால் வால்வு (உள்ளே பந்து சுழன்று மூடும் வால்வு) கட்டாயம் இருக்க வேண்டும்.

சோதிக்காமல் பூச வேண்டாம்

ஒரே நாளில் பதித்து மாலையில் பூசிவிடும் வேகத்தைப் பார்த்து மகிழாதீர்கள். பசை உலரத் தயாரிப்பாளர் சொன்ன நேரத்தைக் கொடுங்கள். ஹீட்டரையும், சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயையும் கழற்றிவிட்டு முனைகளை அடைத்து, மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, உயரமான முனையில் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு கைப்பம்பால், குழாயில் வழக்கமாக இருக்கும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றுங்கள். பிளாஸ்டிக் சற்று விரிவதால் முள் முதலில் கொஞ்சம் இறங்கும். மீண்டும் ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரமாவது பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். தண்ணீருக்குப் பதிலாகக் கம்பிரசர் காற்றால் பிளாஸ்டிக் குழாயைச் சோதிக்கவே கூடாது. அழுந்திய காற்று வெடித்தால் துண்டுகள் சிதறும்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்துவையுங்கள். தரையிலிருந்து, மூலையிலிருந்து எத்தனை தூரம் என்று படத்தில் தெரிய வேண்டும். பின்னாளில் சுவரில் ஆணியடிக்கப் போகிறவர் அதற்கு நன்றி சொல்வார்.

தண்ணீர் திறந்துவிடும்போது முனைச் சல்லடைகளைக் கழற்றிவிட்டுத் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிருமிநீக்கம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் குழாய்களில் தேக்கிவைப்பது ஒரு வழக்கமான முறை. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் சேர்த்தால் அந்த அளவு வரும். அந்த நேரத்தில் யாரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு குழாயிலும் தாள் எழுதி ஒட்டிவிட்டு, முடிந்ததும் வாசனை போகும்வரை அலசுங்கள்.

கழிவுநீர்க் குழாய்

இங்கே அழுத்தம் கிடையாது, சரிவுதான் எல்லாம். 100 மி.மீ. குழாய்க்கு 40க்கு 1 முதல் 80க்கு 1 வரையிலான சரிவு பாதுகாப்பானது. நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான டிராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுக்குழாய் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் வீட்டுக்குள் வரும்.

பல மாடி வார்ப்பிரும்புக் குழாயைக் கீழ்த்தளத்தில் வெட்டுவதற்கு முன், மேலே உள்ள பகுதியை உறுதியாகத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். அதன் மொத்த எடையும் கீழே உள்ள துண்டின்மேல் உட்கார்ந்திருக்கக்கூடும். சாம்பல் நிறத்தில் சிமெண்டுபோலத் தெரியும் பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். அதைக் கிரைண்டரால் அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

கடை, விடுதி, அலுவலகம்

வணிகக் கட்டடத்தில் பெரிய செலவு குழாயைவிட மூடிக்கிடக்கும் நேரம்தான். செங்குத்து வரிசை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, குடிநீருக்கு ஏற்ற தற்காலிகக் குழாய் ஒன்றை வெளியே ஓடவிட்டு, ஒரு பகுதி சோதனையில் தேறிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் வால்வு, ஒவ்வொரு வால்வுக்கும் எண் பொறித்த தகடு. தீயணைப்புக்கான குழாய்களை அதற்குரியவர்கள் இல்லாமல் தொட வேண்டாம். சமையற்கூடம், சலவை, ரசாயனக் கலவை ஆகியவற்றிலிருந்து அழுக்குநீர் பின்னோக்கி வந்து குடிநீரில் கலக்காமலிருக்கத் தடுப்பு வால்வு வேண்டும்.

பெரிய கட்டடங்களில் நீக்கப்பட்ட குளியலறைக்குப் போன குழாயை அதன் முனையில் மட்டும் அடைத்துவிடுவார்கள். அதில் தேங்கும் நீர் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும் இடம். 20 முதல் 45 டிகிரி அதற்கு உகந்த வெப்பம். அத்தகைய குழாயைக் கிளை பிரியும் ‘T’ வடிவ இணைப்பு வரை வெட்டியெடுத்துவிடுங்கள். தேக்கிவைக்கும் சுடுநீர் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். குழாய்முனையில் யார் கையும் வெந்துவிடாதபடி கலப்பு வால்வு வையுங்கள்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து மீட்டர் சோதனையை மறுபடி செய்து, முனைச் சல்லடைகளை இன்னொரு முறை கழுவுங்கள். சுடுநீர் மூட்டுகளையும் பழையதோடு இணைந்த இடங்களையும் கையால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் ஒப்பந்தக்காரரின் பாக்கித் தொகையைக் கொடுத்துவிடலாம்.